சந்துக்குள் கேட்ட வரி

மைக் அக்காவின் குரலைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று சொல்வது அவள். செருப்புக் கடையில் பாதி விலை என்று சொல்வது அவள். யாராவது இறந்துபோனால் அடக்கம் எப்போது என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவதும் அவள்தான். வீட்டில் புருஷனை ஒரு சத்தம் போட்டால் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, எந்தக் கடையில் தள்ளுபடி என்று கேட்பாள்.

ஆரம்பத்தில் இந்த வேலை அவளுடையது இல்லை. சவுண்ட் சர்வீஸ் கடை புருஷனுடையது, குரலும் அவருடையது. தொண்டையில் கட்டி வந்து அறுத்து எடுத்த பிறகு அவருக்குப் பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது. ஒப்புக்கொண்ட வேலை பாதியில் நின்றது. அவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மைக்குக்கு முன்னால் நின்றாள். கடையின் பின்னறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் கம்பளியும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கும். பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வேர்த்து வழிய வழிய அவள் அன்றைக்குப் படித்தது ஒரு பாத்திரக்கடை விளம்பரம். கேட்டுவிட்டுப் புருஷன், இத்தனை வருஷம் இந்தக் குரலை என்னிடம் மட்டும் வீணாக்கிவிட்டாயே என்று எழுதிக் காட்டினார்.

ஊர்ந்துபோகும் வண்டியில் பேசுவதற்கென்று ஒரு முறை உண்டு. வாசலில் நிற்கிறவளுக்கு வண்டி ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கும் நேரம்தான் கிடைக்கும். அதற்குள் விஷயம் முடிந்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் தன் காலில் நிற்க வேண்டும்: பேர், சின்னம், ஓட்டு, கடை, பொருள், விலை. கதை சொல்லக் கூடாது. கேள்வி கேட்டுவிட்டு நாலு வரி தள்ளிப் பதில் சொல்லக் கூடாது. கேள்வி ஒரு வீட்டில் விழும், பதில் அடுத்த தெருவில் போய் விழும். கட்சிக்காரர்கள் யாராவது நீட்டி முழக்கி எழுதிக்கொண்டு வந்தால் மைக் அக்கா பென்சிலை எடுத்துக் கண்டதுண்டமாக வெட்டிவிடுவாள்.

தேர்தல் என்று வந்தால் இரண்டு பக்கத்துக்கும் பதிந்து கொடுப்பது கடை வழக்கம். தையல்காரர் இரண்டு கட்சிக்கும்தானே கொடி தைக்கிறார் என்பது புருஷனின் வாதம். போன தேர்தலில் இரண்டு வேட்பாளர்களின் வண்டியும் நாற்சந்தியில் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. ஒரு ஒலிபெருக்கிக் குழாயில் அவள் ஓட்டுக் கேட்டாள், இன்னொரு குழாயில் அவளே அவளைத் திட்டினாள். சந்தையே நின்று சிரித்தது.

இந்தத் தேர்தலில் அவள் ஒரு பக்கத்துக்குத்தான் பதிந்தாள். வார்டு மெம்பராக நின்றது அவளுடைய நாத்தனார்.

நாத்தனாரை எல்லோரும் டீச்சர் என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. அட்டைப்பெட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைக் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் முகம் கழுவித் தலை சீவித் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு அறையும் ஒரு தகரக் கூரையும்தான் காப்பகம். பின்னால் ஓடிய திறந்த சாக்கடையை மூடச் சொல்லி அலைந்து அலைந்து, பழைய மெம்பர் ஒரு நாள், அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே நின்று ஜெயித்து மூடிக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்லப்போக, இவள் நிஜமாகவே போய் மனு கொடுத்துவிட்டாள். கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் நின்றார்கள். எதிர்த்து மறுபடியும் நின்ற பழைய மெம்பர், வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர், திடீரென்று ஒரு நாள் மெல்ல அவல் கிடைத்தவர் போல ஆனார்.

அவருடைய ஆள் ஒருவன் வழக்கம்போல மைக் அக்காவிடமே வந்தான். தாளை வாங்கிப் படித்தவள் முதல் வரியிலேயே நிறுத்தினாள். திருப்பிக் கொடுத்து, வெளியே போ என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, தொழில் வேறு குடும்பம் வேறு இல்லையா அக்கா என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு ஆண்குரல் தெருவில் முழங்கியது.

"பச்சைப் பிள்ளையைப் பிணமாகத் திருப்பிக் கொடுத்தவளுக்கா உங்கள் ஓட்டு?"

ஒரே வாக்கியம். தன் காலில் நின்றது. வேறு எதையும் சொல்லாமல் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வண்டி சுற்றியது. நல்ல தொழில்காரன் எழுதியிருக்கிறான் என்று மைக் அக்காவுக்கு அந்த ஆத்திரத்திலும் தோன்றியது.

பிள்ளை செத்தது உண்மை. சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. பெட்டி கம்பெனியில் ஒட்டும் பிரிவில் இருந்த ஒருத்தியின் பையன், அப்போதுதான் நடக்கப் பழகியவன். மதியம் தூங்கவைத்த பிள்ளைக்கு உடம்பு கொதித்து, வலிப்பு வந்து, டீச்சர் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியிலேயே முடிந்துவிட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் டீச்சர், காலையிலேயே லேசாகக் காய்ச்சல் இருந்தது, தெரிந்துதான் வாங்கி வைத்துக்கொண்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னாள். காப்பகத்தைக் கொஞ்ச காலம் பூட்டிவைத்தார்கள். பிறகு கம்பெனிப் பெண்களே போய்ச் சண்டை போட்டுத் திறக்கவைத்தார்கள்.

அதிகாரியிடம் சொன்னது பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்: டீச்சர், பையனின் அம்மா, மைக் அக்கா. காய்ச்சல் பிள்ளையை டீச்சர் எடுத்துக்கொள்ள மாட்டாள். அது தெரிந்துதான் அந்தத் தாய் விடியற்காலையில் பையனுக்குக் காய்ச்சல் மருந்தைப் புகட்டி, நெற்றி குளிர்ந்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடினாள். ஒரு நாள் வராவிட்டால் வேலை இல்லை என்று முந்தின வாரம்தான் அவளை மிரட்டியிருந்தார்கள். மதியம் மருந்தின் வேகம் இறங்கியது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவள் டீச்சரின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். புருஷன்காரனுக்குத் தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவான் என்றாள். டீச்சர் அவளைத் தூக்கி உட்காரவைத்து, இது இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தவள் அண்ணிக்காரியான மைக் அக்கா.

இப்போது வண்டி சுற்ற ஆரம்பித்ததும் டீச்சரின் தேர்தல் ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய மெம்பரின் மச்சினன் நடத்தும் சாராயக் கடையை இழுக்கலாம் என்றார் ஒருவர். பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று மைக் அக்காவின் புருஷன் சவுண்ட்காரர் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் வேண்டாம், சாக்கடையைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றாள். அண்ணி அவளைத் தனியாகப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சண்டை பிடித்தாள்.

"பதில் இல்லாமலா இருக்கு? இருக்கிற பதிலைச் சொல்றதுக்கு என்ன?"

"இருக்கிற பதில் ஒண்ணுதான் அண்ணி. அது என்னுது இல்ல."

அதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், வாயை மூடினால் பூட்டுதான்.

அந்த ஒற்றை வாக்கியம் கரையான் மாதிரி வேலை செய்தது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பழைய கதை தெரியாது. முதலில் ஒருத்தி பிள்ளையைத் தன் அம்மா வீட்டில் விடுவதாகச் சொல்லி நிறுத்தினாள். இன்னொருத்தி காரணம் சொல்லாமலே நிறுத்தினாள். பிறகு ஒரு காலையில் காப்பகத்தின் கதவுக் கொண்டியில் யாரோ ஒரு பால்புட்டியைக் கறுப்புத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டீச்சர் அதை அவிழ்த்து, துணியைக் குப்பையில் போட்டு, புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்திருந்த நாலைந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். பார்த்துக்கொண்டு நின்ற மைக் அக்கா நேரே கடைக்கு நடந்தாள்.

அன்றைக்கு டீச்சர் பூத் ஏஜெண்டுகளின் அனுமதிச் சீட்டு விஷயமாகப் பெரிய ஆபீஸுக்குப் போயிருந்தாள், வர இருட்டிவிடும். மைக் அக்கா பின்னறைக்குப் போனாள், மின்விசிறியை நிறுத்தினாள். தாள் எதுவும் எடுக்கவில்லை. அத்தனை வருஷமாக அடுத்தவர் எழுதியதை வெட்டிச் சுருக்கிப் படித்தவள், அன்றைக்கு மனதில் இருந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒரு கதையாகச் சொன்னாள். பிள்ளையைக் கொன்றவள் என்று உங்கள் டீச்சரைப் பேசுகிறார்களே என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு நடந்தது என்ன தெரியுமா என்று கேட்டாள். பெற்ற தாயே காய்ச்சலை மருந்து கொடுத்து மறைத்து, சொல்லாமல் விட்டுப்போனாள் என்றாள். அந்தத் தாயைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள் டீச்சர் என்றாள். அப்படிப்பட்ட மனசுக்கு ஓட்டுப் போடுங்கள், குடை சின்னம் என்று முடித்தாள். அந்தத் தாயின் பேரை எங்கேயும் சொல்லவில்லை. பேர் சொல்லாததால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள். கேட்ட சவுண்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முறை தவறியது இருவருக்குமே உறைக்கவில்லை. சொந்தக்காரியின் மானம் போகும்போது யாருக்குத் தொழில் ஞாபகம் வரும்?

டீச்சரின் பிரசார வண்டியை ஓட்டுகிறவன் ஒழுங்கான ஆள். ஒவ்வொரு சுற்றிலும் தேர்தல் ஆபீஸ் வாசலில்தான் பதிவை முதலிலிருந்து போடுவான். எப்போதும் ஒரே வழி, ஒரே வேகம். விளம்பர வாக்கியங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எங்கே நின்று கேட்டாலும் முழுசாக ஒன்று காதில் விழும். இந்தக் கதைக்கு அப்படி இல்லை. எந்தச் சுற்றிலும் அந்தந்தத் தெருவில் அந்தந்த வரிதான் விழுந்தது. காப்பகம் இருக்கும் தெருவில், பிள்ளையைக் கொன்றவள் என்பது. சந்தையில், ஓட்டுப் போடுங்கள் என்பது. பையனின் அம்மா குடியிருந்த சந்தில், பெற்ற தாயே காய்ச்சலை மருந்து கொடுத்து மறைத்து என்பது. சந்து குறுகல். வண்டி இன்னும் மெதுவாகத்தான் போகும். சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும்.

மறுநாள் காலையில் பையனின் அம்மா கடைக்கு வந்தாள். கம்பெனிக்குப் போகிற உடுப்பில்தான் இருந்தாள், ஆனால் போகவில்லை. ஒரு கன்னம் வீங்கி, கண்ணோரம் கறுத்துக் கிடந்தது. மைக் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்காரச் சொன்னாள். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"அதை முழுசாப் போட முடியுமா அக்கா? எங்க சந்துல ஒரு வரிதான் கேக்குது."

சவுண்ட்காரர் மனைவியைப் பார்த்தார். போட்டே ஆக வேண்டியிருந்தது. மைக் அக்கா தன் குரலையே கேட்டுக்கொண்டு மேஜையைப் பிடித்தபடி நின்றாள். முடிந்ததும் அந்தப் பெண் ஏதோ கணக்குச் சரிபார்த்தவள் போலத் தலையாட்டினாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. உங்க குரல்ல கேட்டா நானே நம்பிடுவேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "லீவு கேட்டேன், தரலைன்னு ஒரு வரி சேத்திருக்கலாமே."

வந்தவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இங்கே இரண்டு பக்கத்துக்கும் பதிந்து தருவார்கள் என்கிறார்களே, எனக்கு ஒன்று பதிந்து தருவீர்களா என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, கடைக்கு வந்த வாடிக்கைக்காரி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பின்னறைக்கு அழைத்துப்போனார்கள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவைத்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். லீவு கேட்டேன் என்றாள். தரவில்லை என்றாள். பிறகு பையன் அன்றைக்குக் காலையில் போட்டிருந்த சட்டையைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டாள்.

"இதை யாரு வண்டியில போடுவாங்க?" என்று கேட்டாள்.

அதைப் போட யாருடைய வண்டியும் இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. சவுண்ட்காரர் கருவியை அணைத்தார்.

அவர்கள் பின்னறையிலிருந்து வெளியே வந்தபோது டீச்சர் கடை வாசலில் நின்றிருந்தாள். முந்தின நாள் நேரம் கழித்து வீடு திரும்பியவளிடம் பக்கத்து வீட்டுக்காரி, உங்கள் அண்ணியே நீங்கள் பிள்ளையைக் கொன்றதாகச் சொல்லிக்கொண்டு போகிறார்களே, எந்தப் பக்கத்துக்குப் பதிகிறார்கள் என்று கேட்டிருந்தாள். காலையில் முதல் சுற்றிலேயே டீச்சர் வண்டியின் பின்னால் நடந்து நடந்து முழுசையும் கேட்டுவிட்டாள். அவள் அண்ணியைத் திட்டவில்லை. வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். கிட்டே போய்த் தொடப்போனாள். அந்தப் பெண் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இனிமே எதுவும் செய்யாதீங்க டீச்சர். நீங்க செஞ்சதெல்லாம் போதும்."

அவள் போன பிறகு டீச்சர், பதிவை எடுத்துவிட்டு வண்டியில் கை மைக்கை மாட்டித் தரும்படி கேட்டாள். எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தோற்றுப்போவாய் என்று மட்டும் மைக் அக்கா சொன்னாள். சத்தம் சரியாக வருகிறதா என்று பாருங்கள் என்றாள் டீச்சர்.

வண்டியின் பின்புறம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆம்ப்ளிஃபையர் மைக் அக்காவின் மடியில் இருந்தது. நாத்தனாருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டதில் குழாய் கிறீச்சிட்டது. அண்ணிதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி வைத்தாள். டீச்சர் தெருத்தெருவாக ஒன்றையே சொன்னாள்.

"நேத்து எங்க வண்டியில சொன்னது பொய். பிள்ளைக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சுதான் நான் வாங்கி வச்சேன். அவங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

சந்துக்குள் போனபோது அதை அவள் நிறுத்தி நிறுத்தி, எண்ணிக்கையில்லாமல் சொன்னாள். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு ஒரு கிழவர் பக்கத்து வீட்டாரிடம், நேற்று ஒன்று சொன்னார்கள் இன்றைக்கு ஒன்று சொல்கிறார்கள், இதில் எது பொய்யோ என்றது மைக் அக்காவின் காதில் விழுந்தது.

பழைய மெம்பரின் ஆட்கள் டீச்சர் பேசியதைக் கைப்பேசியில் பிடித்துவைத்திருந்தார்கள். கடைசி நாள் அவர்களுடைய வண்டியில் அந்த ஆண்குரல் இல்லை. டீச்சரின் குரலே வந்தது: தெரிஞ்சுதான் நான் வாங்கி வச்சேன். அவ்வளவுதான், வேறொன்றும் சேர்க்கவில்லை. வாக்கு எண்ணிக்கை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஜெயித்தவரின் ஆட்கள் காப்பகத்துத் தெரு வழியாகக் கூச்சல் போட்டுக்கொண்டு போனார்கள். டீச்சர் உள்ளே பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். படுக்கப் பிள்ளைகள் இல்லை; ஆனாலும் உதறி மடித்தாள்.

அண்ணி வீட்டுக்கு அவள் வராமல் இல்லை. எப்போதும்போல வருவாள், அண்ணனுக்குத் தொண்டைக்கு இதமாக ஏதாவது காய்ச்சிக் கொண்டுவருவாள், உப்பு எங்கே, தட்டு எங்கே என்று கேட்பாள். அதைத் தாண்டி அண்ணியிடம் பேச்சு இல்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் மைக் அக்கா பொறுக்க முடியாமல், உனக்காகத்தானே செய்தேன் என்றாள்.

டீச்சர் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருப்பீங்க அண்ணி."

குரலில் கோபம் இல்லை.

கம்பெனியில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று ஒட்டுகிறவர்கள் தள்ளி நின்றார்கள். டீச்சர் மறுத்துச் சொன்னதை யாரும் நம்பவில்லை; அவள் நல்லவள், அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள். அவளுக்கு ஓட்டுப் போடாதவர்களும் அதைச் சொன்னார்கள். புருஷன்காரன் வீட்டை விட்டுப் போய்விட்டான். அவள் எஞ்சியிருந்த பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறெங்கோ போகப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பிரசாரம் இல்லாத நாட்களில் அந்த வண்டிதான் வீட்டுச் சாமான் ஏற்றப் போகும். டிரைவர் அதே சந்துக்காரன். நாளைக்கு அந்தச் சாமானை ஏற்றுகிறேன் என்று அவன் கடையில் வந்து சொன்னபோது, நானும் வருகிறேன் என்றாள் மைக் அக்கா. எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மூட்டை தூக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

சந்தின் முனையிலேயே அந்தப் பெண் வழிமறித்து நின்றிருந்தாள். மைக் அக்காவை அவள் பார்க்கவே இல்லை. வண்டிக்கு மேலே பார்த்தாள். டிரைவரிடம்தான் சொன்னாள்.

"அந்தக் குழாயைக் கழட்டிட்டு உள்ள வாங்க அண்ணா."

போல்ட்டு துருப்பிடித்துக் கிடந்தது. டிரைவர் வண்டியின் மேலே ஏறி மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டி நேரமானது. அந்தப் பெண் நகரவில்லை. பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் குழாய் கழன்றதும் அதை வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் மைக் அக்கா கையை நீட்டினாள். கனமாக இருந்தது. வண்டி சந்துக்குள் போனது. தாயும் பிள்ளையும் அதன் பின்னாலேயே போனார்கள். கட்டில் ஏற்றுகிற சத்தமும் டிரைவர் பார்த்துப் பார்த்து என்கிறதும் கேட்டது. மைக் அக்கா சந்துக்குள் கால் வைக்காமல், குழாயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு முனையிலேயே நின்றாள். அங்கே போய் வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் அவளைத் தாண்டிப் போனார்கள். யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.